இரண்டு பத்தி அறிவிப்பு

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம், சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் என் பேத்தி ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். அவர்கள் கல்லூரியில் அந்த மாதம் நடக்கவிருந்த நிகழ்ச்சிகளின் ஜாபிதா அது. காகிதத்தின் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. இடது பக்கத்தில், "பொதுச் சொற்பொழிவுகள், பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு" என்று ஒரு பத்தி. வலது பக்கத்தில், "வேலைவாய்ப்பு நிகழ்ச்சிகள், மாணவர்களுக்கு மட்டும்" என்று ஒரு பத்தி.

"இதில் என்ன விசேஷம்?" என்றேன்.

"வர்ற சனிக்கிழமையைப் பாருங்க, தாத்தா."

பார்த்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இடது பக்கத்தில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சட்ட சரித்திரம் பற்றிப் பேசுகிறார். அதே சனிக்கிழமை, அதே பத்து மணிக்கு வலது பக்கத்தில், கம்பெனிக்காரர்கள் வந்து மாணவர்களை நேரில் பார்க்கிறார்கள்.

"அப்பா, 'சொற்பொழிவு சோறு போடுமா? பேசாமல் வேலைக்கு வழியைப் பார்' என்கிறார். எனக்கோ அந்த நீதிபதி பேசுவதைக் கேட்க வேண்டும். நீங்களே சொல்லுங்க, எதற்குப் போகட்டும்?"

என் மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்குத்தான் இல்லை. என் தகப்பனார் ஊரில் இருந்த நன்செய்யில் ஒரு பகுதியை ஒத்திக்கு வைத்து என்னைச் சட்டக் கல்லூரியில் சேர்த்தார். ஒன்றரை வருஷம் போய்வந்தேன். பின்பெஞ்சில் உட்கார்ந்து சிறுகதை எழுதினேன். பிறகு போகவில்லை. ஒத்திக்குப் போன நிலம் திரும்பி வருவதற்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

ஆகவே பேத்திக்கு யோசனை சொல்வதற்குப் பதிலாக ஒரு கதை சொல்கிறேன் என்றேன். எழுத்தாளர்கள் நழுவுவதற்குக் கையாளும் வழி அதுதான்! அவளுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கதை என்றாலும் இதில் கற்பனை கிடையாது.

இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் சட்டம் படித்த விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பெரிய சர்வகலாசாலைகளிலும் சட்டத்துக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் சொல்லிக்கொடுத்தது பழைய ரோமாபுரிச் சட்டம். இங்கிலாந்தின் கோர்ட்டுகளில் தினந்தோறும் வழங்கிய சொந்த நாட்டுச் சட்டத்துக்கு அங்கே ஆசனம் இல்லை. அதைக் கற்க வேண்டுமானால் லண்டனில் 'இன்ஸ் ஆஃப் கோர்ட்' எனப்படும் நான்கு வக்கீல் சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டும். முற்காலத்தில் அங்கே பாடமும் பயிற்சி விவாதமும் பலமாக நடந்தன. பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் அவையெல்லாம் தேய்ந்து, மிஞ்சியது சாப்பாடு ஒன்றுதான். குறிப்பிட்ட எண்ணிக்கையில் இரவு விருந்துகளில் கலந்துகொண்டால் பாரிஸ்டர்!

இந்தச் சாப்பாட்டுச் சம்பிரதாயம் லேசில் போகவில்லை. 1888-ல் லண்டன் போன காந்தியடிகளும் இன்னர் டெம்பிளில் விருந்து மேஜையில் உட்கார்ந்து எழுந்தவர்தாம். நாலு பேருக்கு இரண்டு புட்டி ஒயின் என்று கணக்கு. அவரோ தொடமாட்டார். அதனால் அவரைத் தங்கள் மேஜைக்கு இழுத்துக்கொள்ள மற்ற மாணவர்களுக்குள் போட்டி இருந்ததாம்! காந்தியடிகள் புத்தகங்களை வாங்கி உழைத்துப் படித்தார் என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில் 1723-ல் லண்டனில் ஒரு பட்டு வியாபாரியின் வீட்டில் பிறந்தார் வில்லியம் பிளாக்ஸ்டன். அவர் பிறக்குமுன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். பன்னிரண்டு வயதுக்குள் தாயாரும் போய்விட்டார். பையன் கெட்டிக்காரன், ஆக்ஸ்போர்டில் படித்தான், கவிதை எழுதினான், ஆல் சோல்ஸ் கல்லூரியில் அங்கத்தினர் ஆனான். 1746-ல் பாரிஸ்டராகி லண்டனில் அறை பிடித்து உட்கார்ந்தார். கட்சிக்காரர்கள்தாம் வரவில்லை. ஏழு வருஷம் உட்கார்ந்து பார்த்தார். வழக்கில்லாத வக்கீலின் அறையில் நாற்காலி எவ்வளவு உறுத்தும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதே சமயத்தில் ஆல் சோல்ஸ் கல்லூரியின் பொக்கிஷ நிர்வாகியாக அவர் செய்த வேலைகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. குப்பையாகக் கிடந்த பழைய தஸ்தாவேஜுகளை ஒழுங்குபடுத்தினார். வருஷக்கணக்காகக் கட்டி முடிக்கப்படாமல் நின்ற நூல்நிலையத்தை முடித்துவைத்தார். 2020 வரை காட்ரிங்டன் நூல்நிலையம் என்று அதற்குப் பெயர் இருந்தது. இந்த நூல்நிலையத்தைச் சற்று ஞாபகத்தில் வைத்திருங்கள். கதையின் பிற்பகுதியில் நமக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

1753-ல் ஆக்ஸ்போர்டில் ரோமாபுரிச் சட்டத்துக்கு ராஜாங்கம் நியமிக்கும் பேராசிரியர் பதவி காலியாயிற்று. பிளாக்ஸ்டனுக்காக வில்லியம் மரே என்ற பெரிய வக்கீல் சிபாரிசு செய்தார். பிற்காலத்தில் மான்ஸ்பீல்டு பிரபு என்று புகழ்பெற்ற நீதிபதி இவர்தாம். பதவியைக் கொடுக்க வேண்டிய மந்திரி, "சர்வகலாசாலையில் நம் கட்சிக்கு வேலை செய்வீரல்லவா?" என்ற தோரணையில் கேட்டதாகவும், பிளாக்ஸ்டன் வழுவழுவென்று பதில் சொன்னதாகவும், பதவி இன்னொருவருக்குப் போனதாகவும் சொல்வார்கள். தொழிலும் இல்லை, உத்தியோகமும் இல்லை.

அந்தக் கோடையில் பிளாக்ஸ்டன் ஓர் அறிவிப்பை அச்சிட்டு வெளியிட்டார். வருகிற பருவத்திலிருந்து ஆக்ஸ்போர்டில் தாமே இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றித் தொடர் பிரசங்கங்கள் செய்யப்போவதாகவும், விருப்பமுள்ளவர்கள் கட்டணம் செலுத்திச் சேரலாம் என்றும் அதில் கண்டிருந்தது. பேராசிரியர் பதவி இல்லை, ராஜாங்க உத்தரவு இல்லை. பிழைப்புக்கு வழி தேடிய ஒரு தோற்றுப்போன வக்கீலின் துண்டுக் காகிதம், அவ்வளவுதான். நவம்பரில் பிரசங்கம் ஆரம்பமாயிற்று. கூட்டம் வந்தது. எந்த ஆங்கிலச் சர்வகலாசாலையிலும் நாட்டின் சொந்தச் சட்டத்தை இப்படி முறையாகச் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் வக்கீலாகப் போகிறவர்கள் அல்லர். பெரும்பாலோர் நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளைகள். நாளைக்கு ஊரில் கௌரவ மாஜிஸ்டிரேட் ஆவார்கள், ஜூரியில் உட்காருவார்கள், பார்லிமெண்டில் கை தூக்குவார்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியாமல் இருப்பது நாட்டுக்கு ஆபத்து என்பதே பிளாக்ஸ்டனின் வாதம். ஆக, சட்டக் கல்வியின் முதல் பொதுச் சொற்பொழிவுகள் தொழிலுக்காக ஏற்பட்டவை அல்ல. தொழில் கிடைக்காத ஒருவர், தொழில் தேவைப்படாதவர்களுக்குச் சொன்னவை!

இதற்கிடையில் சார்லஸ் வைனர் என்று ஒரு முதியவர். இங்கிலாந்துச் சட்டம் முழுவதையும் தலைப்பு வாரியாகத் தொகுப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர். இருபதுக்கு மேற்பட்ட வால்யூம்களைத் தம் வீட்டிலேயே அச்சடித்தவர். 1756-ல் அவர் காலமானபோது, சொத்தையெல்லாம் ஆக்ஸ்போர்டுக்கு எழுதிவைத்து, இங்கிலாந்துச் சட்டத்துக்கு ஒரு பேராசிரியரை நியமிக்கும்படி உயிலில் சொல்லியிருந்தார். 1758 அக்டோபரில் முதல் வைனர் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிளாக்ஸ்டன்தான். அந்தப் பிரசங்கங்களே வளர்ந்து 1765 முதல் 1769 வரை நான்கு பாகங்களாக 'இங்கிலாந்துச் சட்டங்கள் பற்றிய விளக்கவுரை' என்று வெளிவந்தன. எழுதும்போது பக்கத்தில் ஒரு புட்டி போர்ட் ஒயின் வைத்துக்கொள்வார் என்று பாஸ்வெல் குறித்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை வக்கீல்கள் உருவானார்கள். இல்லினாய் மாகாணத்தில் ஆபிரகாம் லிங்கன் என்ற இளைஞனும் அதைப் படித்தே வக்கீலானான். கட்சிக்காரர் வராத வக்கீல் 1770-ல் நீதிபதியானார்.

"அப்போ சொற்பொழிவு சோறு போடும் என்கிறீர்களா, தாத்தா?" என்றாள் பேத்தி.

"அவசரப்படாதே. சொற்பொழிவு நடத்தியவருக்குப் போட்டது. கேட்டவர்களுடைய கதையைப் பார்ப்போம்."

1763-ல் அந்த மண்டபத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பதினாறு வயது நிரம்பவில்லை. பெயர் ஜெரமி பெந்தாம். மகன் ஒருநாள் நாட்டின் பிரதம நீதி மந்திரியாகிவிடுவான் என்று தகப்பனாருக்குத் தீராத நம்பிக்கை. பன்னிரண்டு வயதிலேயே ஆக்ஸ்போர்டில் சேர்த்துவிட்டார். சுற்றிலும் மற்றவர்கள் பிளாக்ஸ்டன் சொல்வதைச் சரசரவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பையனால் மட்டும் எழுத முடியவில்லை. சொல்வது சரிதானா என்று யோசிப்பதற்கே மனசு போதவில்லையாம். இயற்கை உரிமை என்று பிளாக்ஸ்டன் சொன்ன இடத்தில் தவறு இருப்பதை அப்போதே பிடித்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பெந்தாம் 1769-ல் பாரிஸ்டரானார். ஆனால் தொழிலில் இறங்கவே இல்லை. சட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்லி அனுபவிப்பதைவிட, அது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதே தம் வேலை என்று தீர்மானித்துவிட்டார். 1776-ல் பெயர் போடாமல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பிளாக்ஸ்டனின் முகவுரையில் சில பக்கங்களைத் துண்டுதுண்டாக அலசிக் காட்டும் புத்தகம். பெரிய பெரிய வக்கீல்களில் யாரோதான் எழுதியிருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. பெருமை தாங்காத தகப்பனார், "என் மகன்தான் எழுதினான்" என்று வெளியில் சொல்லிவிட்டார். உடனே விற்பனை விழுந்துவிட்டதாம்! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகப்பனார்மேல்தான் இரக்கம் உண்டாகும். மகன் நீதி மந்திரி ஆகவில்லை. இந்த ஒரு பெருமையையாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதுவும் வினையாகப் போயிற்று.

பெந்தாமின் சீடர்களில் ஒருவர் ஜான் ஆஸ்டின். சட்டக் கல்லூரியில் நானும் என் சகாக்களும் ஆஸ்டின் பெயரைக் கேட்டாலே கொட்டாவி விடுவோம். சட்டம் என்பது ஆள்பவரின் கட்டளை என்று ஆரம்பித்து அவர் அடுக்கிக்கொண்டே போவதற்குள் மத்தியான வெயிலில் கண் சொருகிவிடும். பல வருஷம் கழித்து அவருடைய வாழ்க்கையைப் படித்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

ஆஸ்டினும் பாரிஸ்டராக இருந்து, நடக்காமல், 1825-ல் தொழிலை விட்டவர். லண்டனில் புதிதாக ஒரு சர்வகலாசாலை தோன்றியது. மதம், குலம் பாராமல் யாரும் படிக்கலாம் என்று ஏற்பட்ட கல்லூரி அது. அங்கே சட்டத் தத்துவத்துக்கு ஆஸ்டினைப் பேராசிரியராக்கினார்கள். மனிதர் சொற்பொழிவுக்குத் தயாராவதற்காக ஜெர்மனிக்குப் போய், பான் நகரில் தங்கிப் படித்துவிட்டு வந்தார். ஆரம்பத்தில் நல்ல கூட்டம். ஜான் ஸ்டூவர்ட் மில் முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ஆனால் வக்கீல் தொழிலுக்கு இதனால் என்ன லாபம் என்று மாணவர்கள் ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் வகுப்புக் கரைந்தது, பதவியை விட்டார். அதே கல்லூரியில் நடைமுறைச் சட்டம் சொல்லிக்கொடுத்த ஆண்ட்ரூ ஏமஸ் வகுப்பில் கூட்டம் நிறைந்தது. அவர் பிற்பாடு மெக்காலேக்கு அடுத்தபடியாக இந்தியாவுக்கே சட்ட அங்கத்தினராக வந்து சேர்ந்தார்.

ஆஸ்டின் தம்மைத் தோற்றுப்போனவர் என்றே நினைத்து 1859-ல் கண்ணை மூடினார். மொழிபெயர்ப்பு வேலை செய்து அத்தனை வருஷம் குடும்பத்தைத் தாங்கிய மனைவி சாரா, கணவர் விட்டுப்போன கைக்குறிப்புகளையெல்லாம் வயதான காலத்தில் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி அச்சேற்றினார். அந்தப் புத்தகம்தான் ஆங்கிலம் வழங்கிய தேசங்களின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடமாயிற்று. உயிரோடு இருந்தபோது ஒரு டஜன் மாணவர்களை உட்கார வைக்க முடியாதவர், இறந்தபிறகு என்னைப்போன்ற எத்தனை ஆயிரம் பேரைத் தூங்கவைத்தார்!

பேத்தி சிரித்தாள். பிறகு, "இதுவரை எல்லாம் ஆண்பிள்ளைகள் கதையாகவே இருக்கே, தாத்தா?" என்றாள்.

அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். பிளாக்ஸ்டனின் பிரசங்கத்தில் ஒரு பகுதி உண்டு. கல்யாணம் ஆனதும் சட்டத்தின் கண்ணில் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மனைவிக்குத் தனியாக ஒப்பந்தம் இல்லை, தனியாக வழக்கு இல்லை. இதையெல்லாம் பெண்களுக்குச் சட்டம் காட்டும் சலுகை என்பதுபோல அவர் முடித்திருப்பார். மண்டபத்தில் எதிர்த்துக் கேட்க ஒரு பெண்ணும் இல்லை.

நூற்றிருபத்தைந்து வருஷம் கழித்து, 1890-ல், பிளாக்ஸ்டன் முடித்துவைத்த அதே காட்ரிங்டன் நூல்நிலையத்தில் ஓர் இந்தியப் பெண் நுழைந்து உட்கார்ந்தாள். அங்கே வாசகராக அனுமதி பெற்ற முதல் பெண் அவள்தான். பெயர் கார்னீலியா சொராப்ஜி. 1866-ல் நாசிக்கில் பிறந்தவர். பம்பாய் சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற முதல் பெண். பரீட்சையில் அவர் வாங்கிய இடத்துக்கு இங்கிலாந்து சென்று படிக்க ராஜாங்க உபகாரச் சம்பளம் கிடைத்திருக்க வேண்டும். பெண் என்பதால் இல்லை என்றுவிட்டார்கள். இங்கிலாந்தில் சில சீமாட்டிகளும் கனவான்களும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் அதில் பங்குகொண்டார். 1889-ல் கார்னீலியா ஆக்ஸ்போர்டு வந்து சேர்ந்தார்.

சட்டம்தான் படிப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. நம் நாட்டில் கோஷாவில் இருந்த ஸ்திரீகள் அந்நிய ஆண்மகனோடு பேச முடியாது. வக்கீல்களோ எல்லோரும் ஆண்கள். விதவையின் சொத்தைக் காரியஸ்தன் விழுங்கினாலும் அவள் சொல்லி அழ ஆள் கிடையாது. அந்தத் திரைக்கு உள்ளே போகக்கூடிய ஒரு வக்கீல் வேண்டும். அது பெண்ணாகத்தான் இருக்க முடியும்.

சொற்பொழிவு மண்டபத்தின் கதவு திறந்தது. நூல்நிலையத்தின் கதவும் திறந்தது. 1892-ல், சர்வகலாசாலை விசேஷமாக ஒரு தீர்மானம் போட்டு அனுமதித்ததன்பேரில், மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சட்டப் பட்டத்துக்கான பரீட்சையும் எழுதினார். தேறினார். ஆனால் பட்டம்? கிடையாது. பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. பாரிஸ்டர் ஆகலாமா? கூடாது. இந்தியா திரும்பி பம்பாயில் எல்.எல்.பி. பரீட்சையும், அலகாபாத்தில் வக்கீல் பரீட்சையும் தேறினார். கோர்ட்டில் நிற்க அப்போதும் வழியில்லை. 1904-ல் வங்காளத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் இலாகாவுக்குச் சட்ட ஆலோசகராக ஒரு வேலையை வாதாடிப் பெற்று, பல்லக்கிலும் படகிலும் போய் நூற்றுக்கணக்கான ஸ்திரீகளின் சொத்தையும் குழந்தைகளையும் காப்பாற்றினார்.

பிரிட்டிஷ் ஆட்சியை அவர் கடைசிவரை ஆதரித்தார். காந்தியடிகளின் இயக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் நம்மவர்கள் அவரை அதிகம் கொண்டாடவில்லை. அந்த அபிப்பிராயத்தோடு எனக்கும் சம்மதம் இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் இருந்த ஒரு விதவைக்கு அவர் செய்ததை வேறு யார் செய்திருக்க முடியும் என்று கேட்டுக்கொண்டால், கோபம் தணிந்துவிடுகிறது.

1919-ல் இங்கிலாந்தில் பெண்களுக்கு வக்கீல் தொழில் சட்டப்படி திறந்தது. 1920-ல் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. பரீட்சை எழுதி ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு கார்னீலியா தம் பட்டத்தை வாங்கிக்கொண்டார், பாரிஸ்டரும் ஆனார். இந்தியாவில் பெண்கள் வக்கீலாவதற்கு இருந்த தடையை நீக்கும் சட்டம் 1923-ல் பிறந்தது. அப்போது அவருக்கு ஏறக்குறைய ஐம்பத்தேழு வயது. மற்றவர்கள் ஓய்வு பெறப்போகிற பிராயத்தில் அவர் தொழில் ஆரம்பித்தார்.

கதை முடிந்தது. பேத்தி அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து, நடுவில் இருந்த கோட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

"அவங்களுக்கு இந்த இடது பக்கம் மட்டும்தான் திறந்திருந்தது, இல்லையா, தாத்தா?"

"ஆமாம். முப்பது வருஷம்."

அவள் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. சொற்பொழிவு உயர்ந்தது, உத்தியோகம் தாழ்ந்தது என்று நான் இத்தனை நாள் உள்ளுக்குள் வைத்திருந்த மேட்டிமை, வலது பக்கம் எனக்கு எப்போதும் திறந்தே இருந்ததால் வந்தது. நிலத்தை ஒத்திக்கு வைத்துக் கதவைத் திறந்துவிட்டார் அப்பா. நான் வேண்டாம் என்று திரும்பி வந்தேன். கார்னீலியா அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே தலை நரைத்தார்.

சனிக்கிழமை காலை. "தாத்தா, நான் கம்பெனிக்காரர்களைப் பார்க்கத்தான் போறேன்" என்றாள். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"போய் வா, அம்மா. பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு என்று போட்டிருக்கிறதே, அந்த இன்னொன்றுக்கு நான் போகிறேன்" என்றேன்.

இருவரும் ஒரே ஆட்டோவில் போனோம். அவள் வலது பக்கம் போனாள். நான் இடது பக்கம் போனேன். பழக்கதோஷத்தினால் பின்பெஞ்சைப் பார்த்துப் போன கால்களை இழுத்துப்பிடித்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். நீதிபதி ஒன்றரை மணி நேரம் பேசினார். பதினோரு பக்கம் குறிப்பெடுத்தேன். சட்டக் கல்லூரி ஒன்றில் நான் ஒழுங்காகக் குறிப்பெடுத்தது என் ஆயுளில் அதுவே முதல் தடவை. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இரவு பேத்தி அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். "தாத்தா, உங்க கையெழுத்து ஒரு வரிகூடப் புரியலையே!" என்றாள்.

உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கம்பெனிக்காரர்கள், கூப்பிட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.